ஆழ்மணல் படுகையைக் கலைக்காமல் பவளத் தொட்டியை மாற்றி அமைக்கும் முறை

உயிருள்ள பவளங்களையும் மீன்களையும் கடல்நீரில் வளர்க்கும் பவளத் தொட்டி ஒன்றை நான்கைந்து ஆண்டுகள் ஒழுங்காகப் பராமரித்து வந்தால், அதிலுள்ள கற்களை இடம் மாற்ற வேண்டிய தேவை எப்படியும் வந்து சேரும். விரல் நீளத் துண்டுகளாக ஒட்டிய பவளங்கள் வளர்ந்து ஒன்றையொன்று உரசத் தொடங்கும். கற்களின் ஊடே தாராளமாக ஓடிய நீரோட்டம் கிளைகளில் அடைபட்டுச் சோர்ந்துபோகும். கற்சுவருக்கும் பின்புறக் கண்ணாடிக்கும் நடுவே, கை நுழையாத இடத்தில், கழிவு படிந்துகொண்டே இருக்கும். ஓரிரு சென்டிமீட்டர் மணல் மட்டும் தூவிய தொட்டியில் இவற்றைச் சரிசெய்வது ஒரு நாள் வேலை. ஆனால் 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்கு நுண்மணல் நிரப்பிய, அதாவது ஆழ்மணல் படுகை உள்ள, தொட்டியில் அதே வேலையை எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்தால், மறுநாள் காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நிற்பதைப் பார்க்க நேரிடும்.

இந்த வேலைக்கு அடிப்படையான விதி ஒன்று உண்டு. மாற்றம் அனைத்தும் மணல் மட்டத்துக்கு மேலே நடக்க வேண்டும். மணலுக்குள் புதைந்திருப்பது புதைந்தபடியே இருக்க வேண்டும். புதிய அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு அதற்காகப் படுகையைத் தோண்டுவதைவிட, படுகை எதை அனுமதிக்கிறது என்று பார்த்து, அதற்குள் அடங்கும் அமைப்பை வரைவதே பாதுகாப்பானது. கீழே சொல்லப்படும் வழிமுறைகள் எல்லாம் இந்த விதியிலிருந்து வருபவை.

மணலுக்குள் நடப்பது என்ன

ஆழ்மணல் படுகையின் மேல் ஓரிரு சென்டிமீட்டரில் மட்டுமே ஆக்சிஜன் தாராளமாக இருக்கும். அங்கு வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அதற்குக் கீழே ஆக்சிஜன் குறையக் குறைய, வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் பிணைந்துள்ள ஆக்சிஜனைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தி, மிச்சத்தை நைட்ரஜன் வாயுவாக வெளிவிடுகின்றன. பக்கக் கண்ணாடியை ஒட்டி மணலுக்குள் தெரியும் சிறு குமிழ்கள் பெரும்பாலும் இந்த வாயுதான். அவற்றைக் குச்சியால் குத்தி வெளியேற்றத் தேவையில்லை; அவை படுகை வேலை செய்வதன் அடையாளம்.

இன்னும் ஆழத்தில் நைட்ரேட்டும் தீர்ந்துபோன பகுதியில், பாக்டீரியாக்கள் சல்பேட்டை எடுத்துக்கொள்கின்றன. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2,700 மி.கி. சல்பேட் இருப்பதால் அதற்குப் பஞ்சமே இல்லை. இதன் விளைவாக உருவாவது ஹைட்ரஜன் சல்பைடு. அதில் ஒரு பகுதி மணலிலுள்ள இரும்புடன் சேர்ந்து கருநிற இரும்பு சல்பைடாகப் படிகிறது. அடிப்பகுதியில் கறுப்புப் பட்டை தெரிகிறது என்பதற்காகவே படுகை கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. அது அடியிலேயே இருக்கும்வரை தொட்டிக்குத் தீங்கு இல்லை.

தீங்கு வருவது இந்த அடுக்குகள் தலைகீழாகும்போது. அப்போது மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அடியிலிருந்து வரும் சல்பைடும் மக்காத கழிவும் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை வேகமாக உறிஞ்சுகின்றன. 25 டிகிரி செல்சியஸில் கடல்நீர் தாங்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 6.7 மி.கி. மட்டுமே, நன்னீரைவிடக் குறைவு என்பதால், கையிருப்பு சீக்கிரமே தீர்ந்துவிடும். இரண்டாவதாக, மணல் துகள்களின் இடுக்குகளில் தேங்கியிருந்த அம்மோனியாவும் பாஸ்பேட்டும் நீரில் கலக்கின்றன. மூன்றாவதாக, குழாய்ப் புழுக்கள், நட்சத்திர மீனைப் போன்ற சிறு பிரிட்டில் ஸ்டார்கள், இறால் இனத்தை ஒத்த நுண்ணுயிர்களான ஆம்பிபாட்கள் போன்ற படுகைவாசிகள் நசுங்கியோ, ஆக்சிஜன் இல்லாத அடுக்கில் புதையுண்டோ இறந்து, அவையே அடுத்த அம்மோனியாவுக்கு மூலமாகின்றன. சல்பைடைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் உடனடியாக மீனைக் கொல்வது அநேகமாக ஆக்சிஜன் பற்றாக்குறையும் அம்மோனியாவும்தான் என்பது என் கணிப்பு. எனவே தற்காப்பு ஏற்பாடுகளில் முதலிடம் காற்றூட்டலுக்கும் அம்மோனியா சோதனைக்கும் தரப்பட வேண்டும்.

கற்களை மூன்றாகப் பிரித்தல்

வேலை நாளுக்கு ஒரு வாரம் முன்பே படுகையை ஆராயத் தொடங்க வேண்டும். தொட்டியின் வெளிப்புறக் கண்ணாடியில், நான்கு பக்கமும், மணல் மட்டத்தை ஒட்டி மெல்லிய ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டால், பிறகு மணல் எங்கு சரிந்தது, எங்கு அரித்தது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். விளக்குகள் அணைந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, சிவப்பு ஒளி டார்ச்சுடன் கண்ணாடியோரமாகப் பார்த்தால், பகலில் தெரியாத குடித்தனம் முழுவதும் வெளியே வந்திருக்கும். எந்தக் கல்லின் அடியில் பிஸ்டல் இறால் வளை தோண்டியிருக்கிறது, எந்தப் பக்கம் புழுக் குழாய்கள் அடர்ந்திருக்கின்றன என்பதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பக்கங்களிலிருந்தும் புகைப்படம் எடுத்து, ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண் கொடுத்துவிடுவது நல்லது.

பிறகு கற்களை மூன்று வகையாகப் பிரிக்க வேண்டும். மற்றக் கற்களின் மேல் அமர்ந்து, மணலைத் தொடாமல் இருப்பவை முதல் வகை. இவற்றை எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம், வைக்கலாம். மணலின் மேற்பரப்பில் உட்கார்ந்து, ஒரு சென்டிமீட்டர் அளவே அழுந்தியிருப்பவை இரண்டாம் வகை. இவற்றையும் எடுக்கலாம்; ஆனால் கீழே சொல்லும் எச்சரிக்கைகளோடுதான் எடுக்க வேண்டும். அடித்தளமாக மணலுக்குள் பாதியோ முக்காலோ புதைந்திருப்பவை மூன்றாம் வகை. இவற்றை அசைக்கவே கூடாது. ஒரு கல் எந்த வகை என்பதில் சந்தேகம் வந்தால், அதன் உச்சியில் இரண்டு விரல்களை வைத்து மெதுவாக ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். அடியைச் சுற்றியுள்ள மணலில் சிறு விரிசல் கோடு ஓடினால் கல் ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பொருள். அத்துடன் கையை எடுத்துவிட வேண்டும்.

மூன்றாம் வகைக் கற்களில் இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். மணல் போடும் முன்பே அடிக்கண்ணாடியில் நேராக வைக்கப்பட்ட கற்கள் எவ்வளவு பாரத்தையும் தாங்கும். மணல் போட்ட பிறகு அதில் அழுத்தி வைக்கப்பட்டவையோ நாளடைவில் தாமாகவே இறங்கிக்கொண்டிருக்கும். உயிரினங்கள் அடியில் வளை தோண்டத் தோண்ட ஒரு பக்கம் சாயும். புதிய அமைப்பின் பாரம் கண்ணாடியில் நிற்கும் அடித்தளக் கற்களின் மேல் மட்டுமே இறங்க வேண்டும். தொட்டியை அமைத்தவர் வேறு ஒருவராக இருந்து, எது கண்ணாடியைத் தொடுகிறது என்று சொல்ல முடியாத நிலையில், எல்லாவற்றையும் கண்ணாடியைத் தொடாமல் மணலில் மட்டும் நிற்கும் கற்களாகவே கருதித் திட்டமிடுவது நல்லது.

மணல் சில இடங்களில் இறுகிக் கட்டியாகியிருக்கலாம். காரத்தன்மையையும் கால்சியத்தையும் நீண்ட காலம் அளவுக்கு மேல் ஏற்றி வைத்த தொட்டிகளில், கால்சியம் கார்பனேட் படிந்து, அதே பொருளாலான ஆரகோனைட் மணல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு. அப்படி இறுகிய பகுதியில் பதிந்த கல்லைப் பெயர்த்தால், அதனுடன் ஒரு பாளமே பெயர்ந்து வரும். அந்த இடத்தைத் தொடக் கூடாத பகுதியாக வரைபடத்தில் குறித்துவிடலாம்.

புதைந்த கல்லை வைத்துக்கொண்டே வடிவத்தை மாற்றுதல்

அடித்தளக் கற்களைத் தொடக் கூடாது என்றால் அமைப்பை எப்படி மாற்றுவது என்ற கேள்வி எழும். இங்குதான் பலர் பொறுமை இழந்து கல்லைப் பிடுங்கத் துணிகிறார்கள். உண்மையில் கண்ணில் படும் வடிவத்தை முடிவு செய்வது மேலே உள்ள மூன்றில் இரண்டு பங்குக் கற்களே. அடித்தளத்தில் இருக்கும் இரண்டு கற்களை ஒரு நீளமான கல்லால் இணைத்தால் பாலம் கிடைக்கும். ஒரே அடிக்கல்லின் மேல் தட்டையான கற்களை ஒரு பக்கமாக நீட்டி அடுக்கினால் நிழல் தரும் விளிம்பு கிடைக்கும். வேண்டாத அடிக்கல் ஒன்று துருத்திக்கொண்டு நின்றால், அதன் தலையை மட்டும் மணல் மட்டத்துக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் உளியால் தட்டிக் குறைத்துவிட்டு, வேர்ப்பகுதியை அங்கேயே விட்டுவிடலாம். தட்டும்போது விழும் சில்லுகளை ஒரு கை வலையில் ஏந்திக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் நிற்கும் கல்லைத் தொட்டிக்குள் தட்டக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கற்களை இணைக்க, கட்டட வேலைக்கான துளைக்கருவியால் வெளியே வைத்துத் துளையிட்டு அக்ரிலிக் கம்பிகளைச் செருகுவது உறுதியான வழி. எபாக்சி புட்டி சிறு இடைவெளிகளை அடைக்க உதவும். அதை மட்டுமே நம்பிப் பெரிய கல்லைத் தொங்கவிடக் கூடாது. புட்டி பயன்படுத்திய அன்று, காற்றுக்குமிழ்களால் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவியான புரோட்டீன் ஸ்கிம்மர் நுரை பொங்கி வழியும் என்பதால், அதன் கோப்பையைக் கழற்றி வைத்துக்கொண்டு, கருவியை வெறும் காற்றூட்டியாக ஓடவிடலாம்.

அடிக்கல் இல்லாத இடத்தில் ஒரு புதிய கல் கட்டாயம் வேண்டும் என்றால், அதை மணலின் மேல் வைக்காமல் பி.வி.சி. குழாய்க் கால்களின் மேல் நிறுத்த வேண்டும். 25 முதல் 40 மி.மீ. வரை விட்டமுள்ள மெல்லிய சுவர்க் குழாயை, மணலின் ஆழத்தைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதல் நீளத்தில், எல்லாக் கால்களும் ஒரே அளவாக இருக்கும்படி வெட்டிக்கொள்ள வேண்டும். அடிக்கண்ணாடி சமதளமாக இருப்பதால், நீளம் ஒன்றானால் உச்சிகளும் தாமே சமமாக நிற்கும். மணலின் மேடுபள்ளம் கணக்கில் வராது. குழாயின் பக்கங்களில் ஐந்தாறு துளைகள் போட்டால் புழுக்கள் உள்ளும் புறமும் போய்வரும். குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருகிக்கொண்டே, கண்ணாடியைத் தொடும்வரை இறக்க வேண்டும். குழாய் உள்ளீடற்றது என்பதால் அதன் சுவரின் தடிமன் அளவு மணல் மட்டுமே விலகும். உள்ளே இருக்கும் மணல் தன் அடுக்குகளோடு அப்படியே நிற்கும். இறக்கிய காலை, இடம் பிடிக்கவில்லை என்று மீண்டும் உருவி எடுக்கக் கூடாது. உருவினால் உள்ளே இருக்கும் மணல் முழுவதும் கூடவே வரும். ஒரு கல்லுக்கு மூன்று கால்கள் போதும். நான்கு வைத்தால் ஒன்று ஆடும்.

பிரெஞ்சு உயிரியலாளர் ழான் ழோபேர் உருவாக்கிய முறையில், மணலுக்கு அடியில் சல்லடைத் தட்டு பொருத்தி நீர் அறை விட்டு அமைத்த தொட்டிகளுக்கு இந்தக் குழாய்க் கால்கள் பொருந்தாது. கால் தட்டின் மேல் நிற்கும், பாரம் ஏறினால் தட்டு வளையும், மணல் அறைக்குள் கொட்டும். அத்தகைய தொட்டியில் புதிய அடித்தளமே வைக்காமல் இருப்பது மேல்.

புதிய அமைப்பை வரையும்போது மணலைத் தொடும் பரப்பைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அகலமான கல் ஒன்று மணலின் மேல் படுத்தால், அதன் அடியில் நீர்ப் பரிமாற்றம் நின்று, படுகையின் அந்தப் பகுதி முழுவதும் பயனற்றுப் போகும். எனவே கால்களிலோ அடிக்கற்களிலோ நின்று, நடுவில் நீர் தாராளமாக ஓடும் அமைப்பே ஆழ்மணலுக்கு ஏற்றது. கண்ணாடிக்கும் கற்களுக்கும் நடுவே கை தாராளமாக நுழையும் இடைவெளியும் வேண்டும்.

முன்னேற்பாடு

மொத்த வேலையையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பதுதான் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம். தொட்டியை மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு வாரம் விடுவது என் பரிந்துரை. ஒரு மூலையில் மணல் கலங்கினாலும், மற்ற மூலைகளில் கலங்காத மணல் அந்தச் சுமையை ஏற்றுக்கொள்ள இருக்கும்.

தொட்டியின் கொள்ளளவில் 25 முதல் 30 சதவீதம் புதிய கடல்நீரை முதல் நாளே கலக்கி, காற்றூட்டி, தொட்டியின் வெப்பநிலைக்கும் உப்பளவுக்கும் கொண்டுவந்து வைக்க வேண்டும். உப்பளவு ஆயிரத்துக்கு 35, அதாவது 1.026 அடர்த்தி எண், என்றால் இரண்டும் அதே அளவில் இருக்க வேண்டும். இந்த நீர் கையில் இல்லாமல் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது. ஏதாவது தவறும்போது உப்பு கலக்க நேரம் இருக்காது. இதனுடன் புதிய கரித்தூள் வடிகட்டி, மாற்றிப் போடத் தேவையான வடிகட்டிப் பஞ்சு, அம்மோனியா சோதனைப் பெட்டி, காற்றுக்கல்லுடன் பம்ப், உபரி ஹீட்டர், பவளங்களை வைக்க மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிகள், தடித்த கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை தயாராக இருக்க வேண்டும். நீரை உறிஞ்சித் தாழ்ந்த வாளிக்கு இறக்கும் சைஃபன் குழாய் இரண்டு வேண்டும்: வாளி நிரப்ப அகலமானது ஒன்று, கலங்கலை உறிஞ்ச 10 அல்லது 12 மி.மீ. விட்டத்தில் ஒன்று.

கையுறை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். சோஆந்திட், பாலிதோவா வகைப் பவளங்களில் சில, பாலிடாக்சின் என்னும் கடும் நச்சைக் கொண்டவை. அவை ஒட்டிய கல்லை வெறும் கையால் சுரண்டுவது, காயவிட்டுத் தேய்ப்பது, வெந்நீர் ஊற்றுவது எல்லாமே ஆபத்து. குறிப்பாக, வெந்நீரில் கிளம்பும் ஆவியைச் சுவாசித்து வீட்டில் உள்ளவர்கள் அனைவரும் மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் உண்டு. தீப்புழுக்களின் முட்களும் கையில் ஆறாத புண்ணும் சேர்ந்தால் தொற்று வரும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேலையைத் தள்ளிப்போடலாம்.

வேலைக்கு முந்தைய நாள், கற்களின் மேல் படிந்துள்ள தூசியை, பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நீர்ப்பீச்சியால் ஊதிவிட்டுப் பஞ்சில் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சிறு வேலையைச் செய்யாவிட்டால், மறுநாள் கல்லைத் தூக்கும்போது அவ்வளவு தூசியும் மணலின் மேல் கொட்டும்; அதை அப்புறம் மணலைக் கிளறாமல் எடுக்க முடியாது.

கல்லைத் தூக்குதல்

முதலில் ஹீட்டர்களை நிறுத்தி, அவை ஆறும்வரை கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். சூடான ஹீட்டர் நீருக்கு வெளியே வந்தால் கண்ணாடி வெடிக்கும். கை உள்ளே இருக்கும் நேரம் முழுவதும், மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்ச் வழியாகத்தான் மின்சாரம் வர வேண்டும். பிறகு தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்புகளான பவர்ஹெட்களையும், சம்ப் எனப்படும் வடிகட்டும் துணைத் தொட்டியிலிருந்து நீரை ஏற்றும் பம்பையும் நிறுத்த வேண்டும். அசையாத நீரில் கலங்கல் அது கிளம்பிய இடத்திலேயே தங்கும், உறிஞ்சி எடுப்பது எளிது. ஆனால் பம்பில்லாமல் நீண்ட நேரம் விடக் கூடாது. மேல்மட்டத்தில் காற்றுக்கல்லை ஓடவிட்டு, ஒரு மூச்சில் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகாமல் வேலையைப் பகுத்துக்கொள்ள வேண்டும்.

பவளங்களை மேலிருந்து கீழாக, நீருக்குள்ளேயே வாளியை இறக்கி அதற்குள் மாற்ற வேண்டும். தோல் பவளம் போன்ற மென்பவளங்கள் பதற்றத்தில் வெளியிடும் வேதிப்பொருள்கள் மற்றவற்றைப் பாதிக்கும் என்பதால் அவற்றுக்குத் தனி வாளி. கடற்பஞ்சு வளர்ந்த கல்லைக் காற்றில் தூக்கவே கூடாது. அதன் துளைகளில் காற்று புகுந்தால் அழுகும்.

இனி இரண்டாம் வகைக் கல், அதாவது மணலின் மேல் அமர்ந்துள்ள கல். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சிறு சைஃபனின் வாயைக் கல்லின் விளிம்புக்கும் மணலுக்கும் இடையிலான கோட்டின் மேல், மணலைத் தொடாமல் ஒரு விரல் உயரத்தில் பிடித்துக்கொண்டு, நீர் வாளிக்குள் ஓடத் தொடங்கியதும் தலையசைப்பார். மற்றவர் கல்லை இரண்டு கையாலும் பிடித்து, முதலில் ஒரு பக்க விளிம்பை மட்டும் காகிதத் தடிமன் அளவுக்கு உயர்த்தி அப்படியே நிறுத்த வேண்டும். அந்த நொடியில் கல்லுக்கும் மணலுக்கும் நடுவே நீர் புகும். அடியில் பிடித்திருந்த உறிஞ்சுவிசை விட்டுப்போகும். சாம்பல் நிறத்தில் ஒரு இழை கிளம்பி, நூல் போல வளைந்து சைஃபனுக்குள் போகும். அந்த இழை தெளிந்த பிறகுதான் மறு விளிம்பை உயர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்த பின், கல்லை நேர்மேலாக, ஆற அமரத் தூக்கலாம். ஒரே வெட்டில் பிடுங்கினால், கல் விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்பச் சுற்றிலும் உள்ள மணல் பாய்ந்து வரும், அடியடுக்கு மேலே புரளும். நீருக்குள் இலேசாகத் தெரிந்த கல், நீர்மட்டத்தைத் தாண்டியதும் சட்டென்று கனக்கும் என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். கை நழுவி மணலில் விழும் கல்லைவிடப் பெரிய கேடு வேறில்லை.

எடுத்த கல்லைத் தொட்டிக்குள் உலுக்கக் கூடாது. தொட்டி நீர் நிரப்பிய வாளி ஒன்றில் மூழ்கடித்து, அங்கே உலுக்கிக் கழுவி, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்.

கல் இருந்த இடத்தில் ஆழமற்ற ஒரு குழி இருக்கும். சுற்றிலும் மணலைக் கையால் வாரிச் சமப்படுத்தத் தோன்றும். அந்த ஆசையை அடக்க வேண்டும். நத்தைகளும் புழுக்களும் சில வாரங்களில் விளிம்புகளைத் தாமே சரித்துவிடும். குழி ஆழமாக இருந்தால் மட்டும், நன்கு அலசிய புதிய நுண்மணலை நீருடன் குழைத்து, ஒரு குழாயின் கீழ்வாய் மணலுக்குச் சற்று மேலே இருக்கும்படி பிடித்து, அதன் வழியாக மெல்ல இறக்கலாம். ஒரு முறைக்கு ஒரு சென்டிமீட்டர் தடிமன் போதும். அடுத்த அடுக்கை ஒரு வாரம் கழித்துப் போடலாம். ஒரே தடவையில் தடிமனாகக் கொட்டினால் கீழே இருக்கும் உயிரினங்கள் மேலே ஏறி வர வழியின்றி மூச்சுத் திணறும். வெளியே எடுத்த பழைய கறுப்பு மணலைக் கழுவித் திரும்பப் போடும் சிக்கனம் வேண்டாம்.

கற்களைத் திரும்ப அடுக்கும்போது, ஒவ்வொன்றையும் வைத்த பிறகு விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பசை இல்லாமலே ஆடாத அடுக்குதான் பசையோடு நிலைக்கும். புதிதாக வாங்கிய லைவ் ராக்கை, அதாவது பாக்டீரியாக்களும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கல்லை, சேர்ப்பதாக இருந்தால், அதைத் தனித் தொட்டியில் அம்மோனியா வராத நிலைக்குப் பக்குவப்படுத்திய பிறகே உள்ளே விட வேண்டும். படுகை ஏற்கெனவே சிரமத்தில் இருக்கும் வாரத்தில் புதுச் சுமை ஏற்றலாகாது.

மணல் புரண்டுவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு கல் சரிந்து, கறுத்த மணல் மேலே புரளலாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த நேரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, கையை அசைக்காமல் நிறுத்துவது. புரண்டதைத் திரும்ப மூடப் பார்ப்பதும், கல்லைச் சரியான இடத்துக்கு நகர்த்தப் பார்ப்பதும் கலங்கலை இரட்டிப்பாக்கும். சைஃபனைக் கலங்கலின் நடுவில் வைத்து, மேற்பரப்பில் வெளிப்பட்ட கறுப்பு மணலையும் சேர்த்து உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். குறைந்த நீருக்கு ஈடாக, தயாராக உள்ள புதிய நீரை, ஒரு தட்டின் மேல் விழும்படி மெதுவாக ஊற்ற வேண்டும். காற்றுக்கல்லை முழு வேகத்தில் விட்டு, பவர்ஹெட் ஒன்றை மணலை நோக்காமல் நீர்மட்டத்தை நோக்கித் திருப்பி, மேற்பரப்பு அலையடிக்கும்படி வைக்கலாம். கரித்தூளை அப்போதே போட வேண்டும்.

மீன்களின் செவுள்கள் வழக்கத்தைவிட வேகமாக அடித்தாலோ, அவை நீர்மட்டத்துக்கு வந்தாலோ, காத்திருக்காமல் அவற்றைக் காற்றூட்டிய புதிய நீர் வாளிக்கு மாற்றிவிட வேண்டும். வழக்கமாக மீன் பிடிப்பது பெரும்பாடு. கற்கள் வெளியே இருக்கும் இந்த நேரத்தில் அது சுலபம்.

அம்மோனியாவை ஒரு மணி நேரம் கழித்தும், அன்று இரவும், மறுநாள் காலையும், பிறகு ஒரு வாரம் நாள்தோறும் அளக்க வேண்டும். கடல்நீரின் பி.எச். 8-க்கு மேல் இருப்பதால், அதே அளவு அம்மோனியா நடுநிலையான நன்னீரில் செய்வதைவிட இங்கே அதிகக் கேடு செய்யும். சிறிதளவு தென்பட்டாலும் நீர் மாற்ற வேண்டும். நைட்ரைட் தெரிந்தால் அவ்வளவு பதற வேண்டாம். கடல்நீரின் குளோரைடு, மீனின் செவுளுக்குள் நைட்ரைட் புகாமல் பெருமளவு தடுத்துவிடும்.

இன்னொன்று. திட்டமிட்ட அமைப்புக்குப் படுகையின் பாதிக்கு மேல் பெயர்க்க வேண்டியிருக்கிறது என்று கணக்குப் போடும்போதே தெரிந்துவிட்டால், படுகையைக் காப்பாற்றும் முயற்சியைக் கைவிட்டுவிடலாம். உயிர்களையும் கற்களையும் வேறு தொட்டிக்கு மாற்றி, பழைய மணல் முழுவதையும் வெளியேற்றி, புதிதாகத் தொடங்குவதுதான் அப்போது நேர்மையான வழி. பாதி கலைத்த பழைய படுகை, கலைக்காத படுகையைவிடவும் மணலே இல்லாத தொட்டியைவிடவும் மோசமானது.

அடுத்த சில வாரங்கள்

பம்புகளை உடனே முழு வேகத்தில் விடாமல், ஒவ்வொன்றாகத் தொடங்க வேண்டும். கற்கள் இடம் மாறியதால் நீரோட்டமும் திசை மாறியிருக்கும். முன்பு கல்லில் மோதித் தணிந்த வேகம் இப்போது மணலில் நேராக இறங்கலாம். இரண்டு மூன்று நாள்களுக்குக் கண்ணாடியில் ஒட்டிய நாடாவைப் பார்த்துக்கொண்டே இருந்தால், எங்காவது மணல் அரிப்பது தெரியும். அங்கு பவர்ஹெட்டின் கோணத்தைச் சற்று உயர்த்தினால் போதும். மணலைத் திரும்ப வாரிப் போட்டுப் பயனில்லை, ஓட்டம் மாறாதவரை அது மீண்டும் போகும்.

முன்பைவிட உயரமான இடத்துக்குப் போன பவளங்கள் அதிக ஒளியில் வெளுத்துவிடும். விளக்கின் பிரகாசத்தைக் குறைத்து, இரண்டு வாரத்தில் படிப்படியாகப் பழைய அளவுக்கு ஏற்ற வேண்டும். யூஃபில்லியா, கேலக்சியா போன்ற பவளங்கள் இரவில் கொட்டும் இழைகளை 15 செ.மீ. தூரத்துக்கும் நீட்டக்கூடியவை, பகலில் இடைவெளி போதும் போலத் தோன்றினாலும், இரவில் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மணல் கலங்கிய இடத்தில் செம்பழுப்பு நிறத்தில் சயனோபாக்டீரியா ஏடு படர்வது சாதாரணம். அதை மேலோட்டமாக உறிஞ்சி எடுக்கலாம். மணலோடு சேர்த்துக் கிளறக் கூடாது. நைட்ரேட்டும் சில வாரங்கள் சற்று உயர்ந்தே இருக்கும், குலைந்த இடத்தில் ஆக்சிஜன் குறைந்த அடுக்கு மீண்டும் உருவாக நேரம் பிடிக்கும் என்பதால். அந்தக் காலத்தில் உணவைக் குறைத்து, வாரம் ஒருமுறை 10 சதவீத நீர் மாற்றத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். நைட்ரேட்டை இறக்க வேறு மருந்துகளைச் சேர்த்தால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

இரண்டு வாரம் அம்மோனியா காணாமல், நாடாவின் கோட்டிலேயே மணல் நின்று, இரவில் நசாரியஸ் நத்தைகள் உணவு வாசனைக்கு மணலிலிருந்து வழக்கம்போல மேலெழுந்து வந்தால், தொட்டியின் அடுத்த பகுதியைத் தொடலாம். இதில் ஏதேனும் ஒன்று குறைந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுத்து, சைஃபனையும் புதிய நீரையும் மறுபடி தயார் செய்துகொண்டு, அதன் பிறகே அடுத்த கல்லில் கை வைக்க வேண்டும்.